எச்சில் தின்ற கிளி

கண்டாவளை
12.5.1962

மச்சாளுக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளித்துவிட்டு வாசியுங்கோ.

கமலாசனியை எப்போது கொண்டுவந்து விடப்போகிறீர்கள்? உங்கள் தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று பஸ்ஸடியில் நின்று, "பிள்ளை கொஞ்ச நாளைக்கு என்னோடை நிக்கட்டும் நேசம், பள்ளிக்கூடம் துவங்க முன்னம் கொண்டந்து விடுறன்" என்று சொன்னது நீங்கள்தான். பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. ஐயாத்துரை வாத்தியார் என்னைக் காணும்போதெல்லாம், "எங்கை பிள்ளை?" என்று கேட்கிறார். "தகப்பன்ரை தமக்கை வீட்டிலை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது.

நானே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஏழாம் மாதம் நடக்கிறது. இந்த வயிற்றோடு பரந்தன் வரைக்கும் வண்டிலில் குலுங்கக்கூடாது என்று மருத்துவிச்சி ஒரேயடியாகச் சொல்லிவிட்டா. வயலைப் பக்கத்துக் காணி ஏரம்பண்ணை பார்க்கிறார். அவருடைய பெண்சாதி இரஞ்சிதமக்கா எனக்குத் துணையாக இருக்கிறா. மற்றக் குறை ஒன்றும் இல்லை, என் பிள்ளைதான் இல்லை. அவர் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத்தான் இழப்பது?

அவர் வளர்த்த கிளியை நீங்களே வைத்திருங்கோ. அதை நான் கேட்கவில்லை. வயலால் வந்து மண்வெட்டியைச் சாத்திவிட்டு அவர் கூப்பிடுவாரே, அதே இழுவையில் அது, "கமலீ, தண்ணி கொண்டா" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும். பாயில் கிடந்த கடைசி நாட்களிலும் அவர் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் நீங்கள் கூட்டைத் தூக்கியபோது நான் மறிக்கவில்லை. பிள்ளையை மட்டும் அனுப்புங்கோ.

நேசமலர்

✽

அளவெட்டி
19.5.1962

நேசமலருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மூத்த மச்சாளுக்கு எழுதும் முறை இதுதான் என்று வன்னியில் பழக்கியிருக்கிறார்கள் போலும்.

ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். பிள்ளையை அனுப்ப மாட்டேன். என் தம்பி யோகநாதன் தலையில் ஒரு நரை காணுமுன் போனது வன்னிக் காய்ச்சலில். அந்தக் காட்டுக்கும் நுளம்புக்கும் ஒருவனைக் கொடுத்தது போதும். அவனுடைய இரத்தமென்று கண்ணால் காண மிஞ்சியிருப்பவள் இவள் ஒருத்திதான். இங்கே நல்ல கிணறு இருக்கிறது, பால் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு என் மனிதர், உமது சிற்றம்பல அண்ணர், சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, திரும்பவும் ஏற்றி வருகிறார். எங்களுக்குப் பிள்ளையில்லை என்பது உமக்குத் தெரியாததல்ல. இந்த மனிதர் சிரித்து நான் எத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன்!

கிளியைப் பற்றி எழுதினீர். அது இந்த வீட்டுக்கு வந்தபின் வாயே திறக்கவில்லை. எச்சில் தின்ற கிளிதான் பேசும், எச்சிலை நிறுத்தினால் பேச்சை மறந்துவிடும் என்று தம்பி சொல்வானே. அதனால் கமலாசனியையே ஊட்டச் சொன்னேன். சோற்றை மென்று உதட்டில் வைத்துக் கொடுக்கிறாள், அது கொத்தித் தின்கிறது. பிறர் வாய் வைத்த செம்பைக் கழுவாமல் தொடாதவள் நான். இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நாள் குசினிக்குள் நிற்கிறேன், "கமலீ, தண்ணி கொண்டா" என்று கேட்டது. என் கையிலிருந்த அகப்பை விழுந்துவிட்டது. பிள்ளை செம்போடு ஓடுகிறாள். நான் அடுப்படியில் இருந்து அழுதேன்.

அவனை அந்தக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது யார் என்று நீர் ஆறுதலாக இருந்து யோசித்துப் பாரும்.

விமலேஸ்வரி

✽

கண்டாவளை
28.5.1962

மச்சாளுக்கு,

ஆறுதலாக இருந்து யோசித்தேன். அவரை வன்னிக்குக் கொண்டுவந்தது உங்களுடைய சீதனம். தோட்டக்காணியும் வீடும் உங்களுக்கு எழுதியபின் உங்கள் தம்பிக்கு மிஞ்சியது ஒரு மண்வெட்டி. குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுக்கிறார்கள் என்றதும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். காடு வெட்டினார். நானும் பக்கத்தில் நின்று வெட்டினேன். அந்த நெல்லில் வருஷா வருஷம் உங்களுக்கு மூட்டை வந்ததே, அப்போது வன்னி கசக்கவில்லையோ?

வன்னிக் காய்ச்சல், வன்னிக் காய்ச்சல் என்று ஓயாமல் சொல்கிறீர்கள். மலேரியாக்காரர் வந்து அவருடைய விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போனார்கள். மலேரியா இல்லை என்று சீட்டு வந்தது. இங்கே சுவரெல்லாம் மருந்தடித்து நுளம்பு எப்போதோ செத்துவிட்டது. அவருக்குக் குளிர் நடுக்கமே இல்லை. மண்டை பிளக்கிற தலையிடி. சால்வையால் தலையை இறுக்கிக் கட்டு கட்டு என்று கெஞ்சினார். பிறகு சளியே வராத வறட்டு இருமல். "வன்னிக் காய்ச்சலுக்குக் கொயினா குடுத்தாக் காணும், ஆசுபத்திரிக்கு இழுத்தடிக்காதை" என்று நீங்கள் சொல்லிவிட்டபடி கொயினாவைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏரம்பண்ணை வண்டில் பூட்டிக் கொண்டுபோகும்போது நெஞ்சு அடைத்துவிட்டது. ஆசுபத்திரியில் போட்ட ஊசிக்கும் கேட்கவில்லை.

என்ன காய்ச்சல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் அளவெட்டியில் இருந்தபடியே தெரிந்திருக்கிறது. அவர் படுக்க முன்னம் மொட்டைப் பனையில் பிடித்துவந்த இரண்டு கிளிக்குஞ்சுகளும் தூங்கித் தூங்கிச் செத்தன. அதுகளையும் நுளம்பு கடித்ததாக்கும்!

என் பிள்ளையை அனுப்புங்கோ.

நேசமலர்

✽

அளவெட்டி
8.6.1962

நேசமலருக்கு,

சீதனத்தைப் பற்றிப் பேச உமக்கும் வாய் வந்துவிட்டது. அந்தக் காணி உறுதியில் தம்பி மனமுவந்து கையெழுத்து வைத்தான். நான் கேட்டு வாங்கவில்லை. அம்மா செத்தபின் அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். அவன் எனக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்க்க நீர் யார்?

உமது கடிதத்தை வைத்துக்கொண்டு கமலாசனியிடமே கேட்டேன். என்மேல் பழி இருக்கக்கூடாது பாரும். "அம்மாவிட்டைப் போவமோ பிள்ளை?" என்றேன். "கிளியும் வருமோ?" என்றாள். "அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காதாம்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் இங்கையே நிக்கிறன், அப்பாவோடை" என்றாள்.

அவளுடைய சொல் அது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரசவம் முடியட்டும், துடக்குக் கழியட்டும். பிறகு பெரிய ஆட்கள் இருந்து பேசலாம்.

விமலேஸ்வரி

✽

கண்டாவளை
27.6.1962

மச்சாள்,

இது சண்டைக் கடிதம் இல்லை. எழும்பிப் போய்க் கிளிக்கூட்டை வெளியில் வைத்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கோ. பிள்ளையை அதற்குக் கிட்டப் போகவிடாதேங்கோ.

ஏரம்பண்ணை போன மாதம் அதே மொட்டைப் பனையில் ஏறி, பிந்திப் பொரித்த குஞ்சுகளைப் பிடித்தார். விற்கிற குஞ்சுக்கும் வாயூட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் பேசாத கிளி என்று ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஒரு குஞ்சு செத்தது. கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல். தலையைக் கட்டச் சொல்லிக் கத்தினார். பிறகு வறட்டு இருமல். இரஞ்சிதமக்கா ஓடிவந்து, "நேசம், யோகனுக்கு வந்த மாதிரியே கிடக்கடி" என்று என் கையைப் பிடித்தா. இந்தமுறை கொயினாவும் வேண்டாம், கசாயமும் வேண்டாம் என்று அன்றே வண்டில் பூட்டச் சொன்னேன்.

ஆசுபத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்குத்தர் வந்திருக்கிறார். இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டிலை கோழி, புறா, கிளி ஏதும் வளர்க்கிறனீரோ?" என்று கேட்டாராம். ஏரம்பண்ணை அந்தக் கிடையிலும், "வளர்க்கிறேல்லை ஐயா, பிடிச்சு விக்கிறனான்" என்றாராம். டாக்குத்தர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எப்படிப் பிடிப்பது, எப்படி ஊட்டுவது என்று எல்லாவற்றையும் கேட்டாராம். கிளியின் எச்சத்தில் ஒரு கிருமி இருக்குமாம். எச்சம் காய்ந்து தூசாகி மூச்சோடு போனாலே காய்ச்சல் வருமாம். வாயோடு வாய் வைத்து ஊட்டினால் சொல்லவே வேண்டாமாம். சுகமாக நிற்கிற கிளிக்குள்ளும் அது ஒளித்துக் கிடக்குமாம். பிறகு ஒரு நாள் கிளம்புமாம். அதற்கென்று விழுங்க ஒரு குளிசை கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் ஏரம்பண்ணை எழும்பி இருந்து கஞ்சி கேட்டார்.

அவர் எழும்பியதைப் பார்த்து நான் சந்தோஷப்படவில்லை மச்சாள். அவருடைய படலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். ஒரு போத்தல் குளிசை! அவ்வளவுதான். அது இல்லாமல்தான் என் மனிதன் செத்தான்.

உங்களிடம் இருக்கும் கிளி, செத்த குஞ்சுகளோடு ஒரே கூட்டில் கிடந்தது. பிள்ளை அதற்கு வாயூட்டுகிறாள் என்று நீங்களே எழுதினீர்கள். அவளை அனுப்பச் சொல்லி இப்போது நான் கேட்கவில்லை. வைத்திருங்கோ. கிளியை மட்டும் இல்லாமல் செய்யுங்கோ. பறக்கவிட்டால் மற்றதுகளுக்கும் பரவும், கொல்லத்தான் வேண்டும் என்று டாக்குத்தர் சொன்னாராம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நேசமலர்

✽

அளவெட்டி
3.7.1962

நேசமலருக்கு,

உமது கெட்டித்தனத்தை மெச்சுகிறேன். கிளி இருக்கிற இடத்தில்தான் நிற்பேன் என்று பிள்ளை சொன்னதை எழுதினேன். அடுத்த கடிதத்தில் கிளியைக் கொல்லச் சொல்லி வருகிறது. கிளி செத்தால் பிள்ளை தன்பாட்டில் வந்துவிடுவாள் என்பது உமது கணக்கு. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுபோகாது, நேசமலர்.

கிளியால் காய்ச்சலாம்! மீனாட்சி அம்மன் தோளில் கிளி இருக்கிறது. அவவுக்குக் காய்ச்சல் வந்ததாக நான் ஒரு புராணத்திலும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரிக்கு உமது கடிதத்தை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தா. பனையேறிக் கிளி விற்கிற ஏரம்புவின் கதையைக் கேட்டு நான் என் தம்பியின் குரலை நெரிக்க வேண்டுமோ? ஒருமுறை நுளம்பு இல்லை என்கிறீர், மறுமுறை கிளி என்கிறீர். வன்னிமேல் மட்டும் பழி வரக்கூடாது உமக்கு.

கிளியும் பாவம், கொஞ்ச நாளாக உப்பிக்கொண்டு தூங்குகிறது. இறகு உதிர்க்கும் காலம். அந்த நிலையிலும் காலையில் ஒருதரம் அவளைக் கூப்பிடத் தவறுவதில்லை.

கமலாசனிக்கு நேற்றுத் தொடக்கம் இலேசான தலையிடி, உடம்பும் சுடுகிறது. வெயிலில் விளையாடியதன் பலன். மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்திருக்கிறேன். இதையும் கொண்டுபோய்க் கிளியின் தலையில் போடாதேயும்.

விமலேஸ்வரி

✽

கண்டாவளை
6.7.1962

ஏரம்பண்ணை கையில் தருகிறார். வாங்கி உடனே வாசியுங்கோ.

தலையிடி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பிக்கும் தலையிடியில்தான் தொடங்கியது. மல்லித் தண்ணீரை வெளியில் ஊற்றிவிடுங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்குத்தரிடம் ஓடுங்கோ. போனதும் கிளி என்று சொல்லுங்கோ. வேறொன்றும் சொல்லத் தேவையில்லை, கிளிக்கு வாயூட்டின பிள்ளை என்று சொன்னால் காணும். ஏரம்பண்ணை தான் குடித்த குளிசையின் வெறும் போத்தலைக் கொண்டுவருகிறார். பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அவருக்கு இன்னும் நடக்கவே ஏலாது. நான் காலில் விழாத குறையாகக் கேட்டு அனுப்புகிறேன்.

நான் பொய் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கோ. பொய்யென்றால் பிள்ளை சும்மா ஒரு குளிசை குடிப்பாள், அவ்வளவுதான். மெய்யென்றால்?

அவளுக்கு ஒன்று நடந்தால், மச்சாள், வயிற்றில் இருப்பது பிறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் படலையில் வந்து இருப்பேன். நீங்கள் சாகும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டேன்.

நேசமலர்

✽

அளவெட்டி
24.7.1962

நேசமலருக்கு,

பிள்ளை தப்பிவிட்டாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உமது ஏரம்புவை நான் படலைக்கு வெளியில்தான் நிற்க வைத்தேன். மனிதன் போகவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி, "பிள்ளையைக் காட்டுங்கோ, பிள்ளையைக் காட்டுங்கோ" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினான். உள்ளே அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சால்வையால் கட்டச் சொல்லி அழுகிறாள். அதைக் கேட்டதும் உமது முந்திய கடிதத்தில் தம்பியைப் பற்றி எழுதியிருந்தது என் நெஞ்சில் வந்து குத்தியது. நான் அசையவில்லை. உமது அண்ணர்தான் என்னைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். கலியாணம் செய்த நாள் தொட்டு அவர் என்மேல் கை வைத்தது அன்றுதான்.

டாக்குத்தர் போத்தலைப் பார்த்தார். "கிளி எண்டு சொல்லாமல் வந்திருந்தால் நான் வேறை ஊசியைப் போட்டுக்கொண்டு இருந்திருப்பன்" என்றார். குளிசை பிடித்தது. எங்கள் இருவரையும் குடிக்க வைத்தார். தம்பிக்கு வந்த காய்ச்சல் வருத்தத்தையும் கேட்டார். சொன்னேன். "அதுவும் இதுதான் அம்மா" என்றார். வன்னி அவனைக் கொல்லவில்லை. எழுதியாயிற்று. போதுமா உமக்கு?

கிளியை நான்தான் கொன்றேன். உமது அண்ணர் கைவைக்க மாட்டேன் என்று எழும்பிப் போய்விட்டார். தூசு பறக்காமல் ஈரச் சாக்கால் மூடி, கூட்டோடு தண்ணீரில் அமிழ்த்தச் சொன்னார் டாக்குத்தர். எறும்பைக்கூட ஊதிவிட்டுக் கால் வைக்கிறவள் நான். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கிணற்றடித் தொட்டிக்குக் கொண்டுபோனேன். சாக்குக்குள் இருந்து அது, "கமலீ, தண்ணி கொண்டா" என்றது. அப்படியே அமிழ்த்தினேன். திரும்பிப் பார்க்கிறேன், வருத்தக்காரப் பிள்ளை எழும்பி வந்து, செம்பும் கையுமாகக் குசினி வாசலில் நிற்கிறாள்.

அதற்குப் பிறகு என் கையால் ஒரு பிடி சோறு வாங்கவில்லை. உமது அண்ணர் தீத்தினால் தின்கிறாள். சிவனேஸ்வரி பார்க்க வந்தா. "மாமி அப்பாவைத் தண்ணிக்குள்ளை அமத்திப்போட்டா" என்றாள். பால்காரன் வந்தான், அவனுக்கும் அதைச் சொன்னாள். ஆற்றாமல் ஒரு நாள், "கொல்லச் சொன்னது உன்ரை அம்மாதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை.

டாக்குத்தர் பயணம் செய்யலாம் என்றதும் உமது அண்ணர் கொண்டுவந்து விடுவார். கேட்டது கிடைக்கிறது உமக்கு. சட்டைகளை எல்லாம் அவித்துத் தோய்த்து அடுக்கியிருக்கிறேன்.

விமலேஸ்வரி

✽

கண்டாவளை
8.8.1962

மச்சாளுக்கு,

கமலாசனி வந்து சேர்ந்தாள். மெலிந்துபோனாள். உங்கள் தம்பிக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. பிறந்து ஒரு கிழமை. உங்கள் வீட்டு மூக்கு அப்படியே இருக்கிறது. சிற்றம்பல அண்ணர் துடக்கென்று முற்றத்தில் நின்றே பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

வன்னி கொல்லவில்லை என்று எழுதிவிட்டுப் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கொயினாவைக் கொடு என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கொடுத்தேன். அந்தக் குஞ்சுகளை வீட்டுக்குள் வைத்து ஊட்டாதேங்கோ என்று அவரை ஒருநாளும் நான் மறிக்கவும் இல்லை. கிளி பேசவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை.

பிள்ளை என்னோடு பேசவில்லை. வந்த அன்றே கேட்டாள், ஒரே கேள்வி: "நீங்களோ சொன்னனீங்கள்?" ஓம் என்றேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. தம்பியைப் போய்ப் பார்க்கிறாள், அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இரஞ்சிதமக்கா, "அவன் கதைக்க இன்னும் நாள் கிடக்கடி பிள்ளை" என்று சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் அடுக்கி அனுப்பிய சட்டைப்பெட்டியை நேற்றுத்தான் அவிழ்த்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் ஒரு பச்சை இறகு இருந்தது. நீங்கள் காணவில்லை, அல்லது கண்டும் விட்டுவிட்டீர்களோ தெரியாது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு புத்தகத்தோடு தூக்கி அடுப்பில் போட்டேன். அது பொசுங்குகிற மணம் வந்ததும் ஓடிவந்தாள். கத்துவாள், என்னை அடிப்பாள் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்ப் பாயில் படுத்துவிட்டாள்.

நீங்கள் தண்ணீரில் அமத்தினீர்கள். மிச்சத்தை நான் நெருப்பில் போட்டேன். இனி உங்களுக்கும் எனக்கும் வழக்கு இல்லை, மச்சாள்.

ஆவணி பிறந்து துடக்குக் கழிந்தபின் பேர் வைக்கவேண்டும். மாமிக்காரி நீங்கள்தான் வரவேண்டிய முறை. வாருங்கோ என்று எழுத மனம் வருகுதில்லை, வராதேங்கோ என்று எழுதவும் ஏலாமல் கிடக்கிறது. வந்தால் பிள்ளை உங்களோடு பேசமாட்டாள். என்னோடும் பேசமாட்டாள். வந்து என் பக்கத்தில் இருங்கோ.

நேசமலர்